தந்தையின் அதிகாரமும் மைந்தனின் கைச்சாத்தும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே உறுதிப் பெட்டி என்று ஒரு பெட்டி இருப்பதுண்டு. சீதன உறுதி, நன்கொடை உறுதி, ஒற்றி உறுதி, தோம்பின் பிரதி என்பன துணியிற் சுற்றப்பெற்று அதனுள்ளே கிடக்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னர் அப்பெட்டிகளிற் பலவற்றுள்ளே வேறொரு வகைத் தாளும் வந்து சேரலாயிற்று. அது உள்ளூர் நொத்தாரிசு எழுதியதன்று. தைப்பிங்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ எழுதப்பெற்று, அவ்விடத்து முத்திரையோடு கப்பலேறி வந்தது. 22 அல்லது 23 வயதினனாகிய மகனொருவன் தன் தந்தையைத் தனக்கு அற்றோணியாக நியமித்து, தன் காணி பூமிகளைத் தன் பேரால் ஆளவும், குத்தகைக்குக் கொடுக்கவும், வழக்காடவும், வேண்டுமாயின் விற்கவும் அதிகாரம் அளிக்கின்றான் என்பது அத்தாளின் பொருள்.

மகன் தந்தைக்கு அதிகாரம் அளிப்பதாவது! அந்தத் தந்தையின் பாட்டனார் இதனைக் கேட்டிருப்பாராயின் நகைத்திருப்பார். அவர் அறிந்த முறையில் அதிகாரம் மேலிருந்து கீழே வருவதேயன்றிக் கீழிருந்து மேலே செல்வதன்று. அம்முறை எவ்வாறு தலைகீழாயிற்று என்பதும், அவ்வாறானபோது குடும்பங்கள் எதனை இழக்கும் நிலைக்கு வந்தன என்பதும் யாழ்ப்பாணச் சமுதாய வரலாற்றிலே ஆராயத்தக்கன.

பழைய முறையை அறிவதற்குத் தேசவழமையே சான்று. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்திலே, தேசாதிபதி கோர்னேலிஸ் யோவான் சீமொன்ஸ் அவர்களின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். 1707 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அத்தொகுப்பு நிறைவெய்தியது. யான் பீரூஸ் என்பவர் அதனைத் தமிழிற் பெயர்த்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு, இது நம் நாட்டு வழக்கமே என ஒப்புக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலுவை உறுதிசெய்தது. அவ்விதி யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள் என்று தமிழரைக் குறிக்கின்றது. தமிழரை மலபார்கள் என்றழைத்தது அக்காலத்து ஐரோப்பியரின் வழக்கம்.

அத்தொகுப்பிலே ஆதனம் மூவகைப்படும். தந்தை வழியாக வந்தது முதுசொம். தாய் கொண்டுவந்தது சீதனம். மணவாழ்விலே இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். ஆதியிலே முதுசொம் ஆண் மக்களுக்கும், சீதனம் பெண் மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலார்க்கும் சென்றதாக ஐசாக்ஸ் எழுதுகின்றார். இவை பலரும் அறிந்தவை. பலர் கவனியாது விடுவது ஆண் மக்களைப் பற்றிய மற்றொரு விதியாகும்.

பெற்றோர் உயிரோடிருக்குங்காறும் ஆண் மக்கள் எதனையும் உரிமையாகக் கேட்டல் ஆகாது. அதுமட்டுமன்று, மணமாகாத காலத்திலே அவர்கள் உழைத்துத் தேடியதையெல்லாம் குடும்பப் பொதுவிலே கொண்டுவந்து சேர்த்தல் வேண்டும். உடலில் அணிந்த பொன் வெள்ளி நகைகள் மட்டுமே இதற்கு விலக்கு. மணஞ்செய்து வேறு வீடு சென்ற பின்னருங்கூட, முன்னர் சேர்த்தது பெற்றோர் இறக்கும்வரை பொதுவிலேயே கிடக்கும். பெற்றோர் முதுமையெய்தி ஆதனத்தைப் பராமரிக்க இயலாதவரானபோது, மக்கள் அதனைப் பகிர்ந்து அனுபவிக்கலாம். ஆனால் பெற்றோரைக் கடைசிவரை தாங்குதல் வேண்டும் என்பது நிபந்தனை. பெற்றோர் பட்ட கடனுக்கும் மக்களே பொறுப்பாளிகள்.

இதனைத் தந்தையின் கொடுங்கோன்மை என்று கொள்வது தவறு. மகனிடமிருந்து பொதுவுக்குச் சென்றது தந்தையின் சொந்தச் செலவுக்கென்று செல்லவில்லை. தமக்கை தங்கையரின் சீதனத்துக்கும், முதியோரின் சோற்றுக்கும், அதன் பின்னர் அவன் தன் பங்குக்குமாகவே சென்றது. உரோமரிடமும் இத்தகைய முறை இருந்தது. அங்கே தந்தை உயிரோடுள்ளவரை ஐம்பது வயது மகனும் தன் பேரிலே பொருளுடையவனாகான். அவ்விறுகிய முறையிலே முதல் உடைப்பு எங்கே ஏற்பட்டது என்பது சுவையான செய்தி. பேரரசன் அகுஸ்தஸ் காலத்திலே, போர்ச்சேவையில் ஈட்டிய பொருளைப் பற்றி மட்டும் மகன் தன் விருப்பப்படி மரணசாதனம் எழுதலாம் எனச் சலுகை அளிக்கப்பட்டது. வீட்டைவிட்டுத் தொலைவிலே, அரசனின் சம்பளத்திலே வாழ்பவனைப் பழைய வீட்டுச் சட்டத்தாற் கட்டிவைத்தல் அரிது என்பதை உரோமர் கண்டுகொண்டனர் போலும். இந்தியாவிலே, கூட்டுக் குடும்பத்து மகன் தான் கற்ற கல்வியால் ஈட்டியது அவனுக்கே தனியுரிமையாகும் என்பதைத் தெளிவாக்க 1930 ஆம் ஆண்டிலே தனிச் சட்டமொன்று வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலே அத்தகைய சட்டமொன்றும் வெளிப்படையாக எழவில்லை. மாற்றம் வேறு வழிகளால் வந்தது.

தேசவழமையிலே, ஒருவன் முழு ஆளாகும் எல்லை அகவைக் கணக்கன்று; திருமணமே. தந்தை இறந்தால், தாய் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு ஆதனம் முழுவதையும் அவர்கள் மணஞ்செய்யும்வரை தன் கையில் வைத்திருப்பாள் என்று அத்தொகுப்பு கூறுகின்றது. ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம ஒல்லாந்தச் சட்டமோ 25 வயதைப் பராயமடையும் வயதாகக் கொண்டது. மணம் செய்தவர் அவ்வயதுக்கு முன்னரும் பராயமடைந்தவராவர். ஆங்கிலேயர் காலத்திலே 1865 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 21 வயது நிரம்பியவர் எவரும் பராயமடைந்தவர் என வரையறுத்தது. மணத்தால் முன்கூட்டியே பராயமடையும் பழைய வழியும் மூடப்படவில்லை. ஆனால் மணமாகாதவனுக்கும் இப்பொழுது ஓர் எல்லை நாள் ஏற்பட்டுவிட்டது. முன்னாளில் மணமாகாத 30 வயது மகனும் வீட்டுக்குப் பிள்ளையே. 1865 ஆம் ஆண்டின் பின்னர், 21 ஆம் பிறந்த நாள் விடிந்ததும், தகப்பனார் அறிந்தோ அறியாமலோ, அவன் சட்டத்தின் முன் தனியாளாயினான்.

இதற்கு முன்னரே இரு சட்டங்கள் நிலத்தைத் தயார்செய்து வைத்திருந்தன. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி பற்றிய கைமாற்றம் எதுவாயினும் எழுத்திலே, நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகளின் எதிரிலே கைச்சாத்திடப்படாவிட்டாற் செல்லாது என்றது. சபையிலே சொன்ன சொல்லும் பெரியோர் சாட்சியும் நிலத்தைக் கைமாற்றப் போதா எனவாயிற்று. 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் ஆதனத்தைத் தாம் விரும்பியவருக்கு மரணசாதனத்தால் எழுதிவைக்கும் உரிமையை அளித்தது. ஆடவர் 21 வயதும் பெண்டிர் 18 வயதும் நிரம்பாமல், மணமுமாகாமல், தேசாதிபதியிடம் பராயச் சலுகையும் பெறாமல் எழுதும் மரணசாதனம் செல்லாது என்றும் அதுவே கூறிற்று. வழக்கத்திலே குடும்பத்துக்கென்று கிடந்த ஆதனம், எழுத்திலே ஒவ்வொருவர் பேருக்கும் பிரிந்து நின்றது.

இவ்விடத்தில் ஒரு பொது மயக்கத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். மகன் பராயமடையாதிருந்த காலத்திலே அவன் காணியைத் தந்தை தம் விருப்பப்படி விற்கலாம் எனவும், பராயமடைந்த பின்னரே அவ்வுரிமை போயிற்று எனவும் பலர் எண்ணுவர். அது சரியன்று. பேரனுக்குப் பாட்டி நன்கொடையாக எழுதிய ஒரு பனங்காணியை எடுத்துக்கொள்வோம். பேரன் சிறுவனாயின், நன்கொடையை அவன் சார்பிலே ஒருவர் ஏற்றுக்கொண்டு கைச்சாத்திடுவார். ஏற்றுக்கொள்ளுதல் இல்லாமல் நன்கொடை நிறைவுறாது. அதன் பின்னர் அக்காணி பேரனுடையது. அவன் தந்தை இயற்கைப் பாதுகாவலராகையால் அதனைப் பராமரிக்கலாம். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி விற்க இயலாது. ஆகவே எழுத்துச் சட்டத்திலே, மகன் பேரிலுள்ள நிலத்தை விற்கும் தனியதிகாரம் தந்தைக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. 21 வயதுவரை நீதிமன்றத்தைக் கேட்டார். அதன் பின்னர் மகனைக் கேட்கவேண்டியவரானார். இரண்டாவதே பல தந்தையருக்குக் கடினமாயிருந்தது.

மகன் அடுத்த அறையிலே இருக்கும்வரை இதனால் இடர் பெரிதாக எழவில்லை. நொத்தாரிசின் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து சென்று கைச்சாத்திட்டு வந்தனர். மகன் கடல் கடந்தபோதுதான் சட்டத்தின் கூர்மை வெளிப்பட்டது.

1816 ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமார் பணி தொடங்கியதும், 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை நிறுவப்பட்டதும், அவற்றைத் தொடர்ந்து சைவப் பாடசாலைகள் எழுந்ததும் தனி வரலாறு. அவற்றின் விளைவாக ஆங்கிலம் கற்ற இளைஞர் தொகை பெருகிற்று; குடாநாட்டிலே உத்தியோகம் பெருகவில்லை. மலாயாவிலே ஆங்கிலேயர் ஆட்சி விரிந்துகொண்டிருந்தது. 1885 ஆம் ஆண்டிலே தைப்பிங்குக்கும் போட் வெல்டுக்கும் இடையே அந்நாட்டின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. எழுதுவினைஞர், நில அளவையாளர், புகைவண்டி நிலைய அதிபர், வைத்தியசாலை உதவியாளர் என அந்நாட்டுக்கு வேண்டிய ஆட்களாக யாழ்ப்பாணத்து இளைஞர் திரள் திரளாகச் சென்றனர். பெரும்பாலோர் 20 வயதை அண்டியவர், மணமாகாதவர். தேசவழமை எந்த மகனைப் பற்றி அத்துணை கண்டிப்பாகப் பேசிற்றோ, அந்த மகனே கப்பலேறினான்.

அவன் தந்தையின் வீட்டை மறக்கவில்லை. மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. தேசவழமையின் பழைய விதி நீதிமன்றங்களிலே வழக்கொழிந்ததாகக் கருதப்படலாயிற்று. மகனின் மனத்திலே அவ்விதி நெடுநாள் உயிரோடிருந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத பணத்தை அவன் அனுப்பினான். ஆயினும் காசு அனுப்புவது வேறு. காணியைக் கைமாற்றுவது வேறு. எல்லைத் தகராறு வந்தாலும், ஒற்றி மீட்கவேண்டினாலும், பங்கு பிரிக்கவேண்டினாலும் அவனுடைய கைச்சாத்து வேண்டும். அவனோ மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒருமுறைதான் விடுமுறையில் வருவான். இந்த இடைவெளியை நிரப்பவே அற்றோணித் தத்துவம் என்னும் ஆவணம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே புகுந்தது.

அதற்குத் தேவையான சட்டங்களும் அக்காலத்திலேயே ஒவ்வொன்றாக அமைந்தன. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைக் கோவை, நீதிமன்ற எல்லைக்குள் வதியாத ஒருவரின் பொதுத் தத்துவத்தைப் பெற்றவரை அவருக்குரிய முகவராக ஏற்றது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், வேற்றூரிலே நொத்தாரிசு, நீதவான், பிரித்தானியத் தானாதிபதி முதலியோர் முன்னிலையில் நிறைவேறி அவர்களால் அத்தாட்சி செய்யப்பட்ட தத்துவத்தை முறையாக நிறைவேறியதென ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடமளித்தது. 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தத்துவங்களைப் பதிவுசெய்யும் முறையை வகுத்தது. தைப்பிங்கில் இட்ட கைச்சாத்து பருத்தித்துறையிலே செல்லுபடியாயிற்று.

இதனால் இலகுவானது பல. சிக்கலானதும் உண்டு. முதலாவது சிக்கல், மகன் அனுப்பிய காசிலே தந்தை வாங்கிய காணி எவருடையது என்பது. வலிகாமத்துத் தந்தை ஒருவர் பத்தாண்டுக் காசுக்கட்டளைகளைச் சேர்த்து ஒரு தோட்டக்காணி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். உறுதியிலே தம் பேரை எழுதுவித்தால், மணவாழ்வின்போது விலைக்கு வாங்கிய ஆதனம் என்ற முறையிலே அது அவருக்கும் அவர் மனைவிக்கும் தேடியதேட்டமாகத் தோன்றும். அவர்களுக்குப் பின்னர் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்காகும். காசு அனுப்பியவன் ஐந்து பேரில் ஒருவனாவான். பழைய தேசவழமை இதனையே விரும்பியிருக்கும். ஆனால் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் வேறொன்று சொல்லிற்று. ஒருவர் பணம் கொடுக்க மற்றொருவர் பேருக்கு ஆதனம் வாங்கப்பட்டு, பணம் கொடுத்தவர் அதனை அவருக்கு நன்மையாக ஈயக் கருதவில்லை என்பது தெரியுமாயின், பேருக்குரியவர் அதனைப் பணம் கொடுத்தவருக்காகவே வைத்திருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே மகன் 20 வருடம் கழித்துத் திரும்பிவந்து, நான் அனுப்பிய காசுக்கு நான் என்ன கருதினேன் என்று நீதிமன்றத்திலே சொல்லவேண்டியவனானான். அவன் அப்போது எழுதிய கடிதங்கள் இருந்தால் நன்று. பெரும்பாலும் அக்கடிதங்களிலே உடல் நலமும் மழையும் கோயில் திருவிழாவுமே விசாரிக்கப்பட்டிருக்கும்.

விவேகமுள்ள தந்தையர் தத்துவத்தைக்கொண்டு மகன் பேரிலேயே வாங்கினர். அதனால் ஒரு மகனின் உரிமை காப்பாற்றப்பட்டது. வீட்டிலிருந்து தோட்டம் செய்த மற்ற மகன் வெறுங்கையனானான். இவற்றுள் எது நீதி என்று துணிந்து கூறல் எளிதன்று. பழைய வழக்கம் இக்கேள்வியைக் கேளாமலே தீர்த்துவைத்தது; புதிய சட்டம் கேள்வியைக் கேட்டு, விடையை உறுதியிலுள்ள பேருக்கு விட்டது.

இரண்டாவது சிக்கல் சீதனத்தைப் பற்றியது; குடும்பங்களை மிக வருத்தியது இதுவேயாகும். தத்துவத்திலுள்ள சொற்களை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே பொருள்கொள்ளும். எந்த அதிகாரம் எழுதப்பட்டதோ அதுவே கொடுக்கப்பட்டது. விற்கவும் ஈடுவைக்கவும் தத்துவம் பெற்றவர் தானஞ் செய்யவும் தத்துவம் பெற்றவராகார். ஏனெனில், விற்பனையிலே நிலத்துக்கு ஈடாகப் பணம் வருகின்றது. தானத்திலே ஒன்றும் வருவதில்லை. தங்கைக்குச் சீதன உறுதி முடிப்பதோ, அவள் பெற்றோர் ஆதனத்திலிருந்தன்றி அண்ணனின் காணியிலிருந்து முடிப்பதாயின், அண்ணன் சார்பிலே செய்யப்படும் கொடையேயாகும். தத்துவம் எழுதுவித்தபோது எவரும் இதனை எண்ணியிரார். அண்ணன் தங்கைக்குக் கொடுப்பான் என்பதைத் தாளில் எழுதுவதே அவனை அவமதிப்பதாகத் தோன்றியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்து, முகூர்த்தமும் வைத்து, நொத்தாரிசு தத்துவத்தை விரித்துப் படிக்கும்போதுதான் அச்சொல் இல்லாமை தெரியவரும். அதன் பின்னர் மலாயாவுக்குக் கடிதம் எழுதி, புதிய தத்துவம் கப்பலில் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அல்லது மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கச் சம்மதிக்கவேண்டும்.

மகள்மாரின் நிலை வேறு வகையிலே சிக்கலுடையது. மணஞ்செய்த பெண் வயதைப் பொருட்படுத்தாது பராயமடைந்தவளாவாள். ஆயினும் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையா ஆதனத்தை உயிரோடிருக்கையில் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றது. 1923 ஆம் ஆண்டிலே நாட்டின் ஏனைய பெண்கள் பலருக்கு இவ்வகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோதும், தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்கு அந்நீக்கம் எட்டவில்லை. கணவன் ஈப்போவிலே எழுதுவினைஞனாயிருக்க, சாவகச்சேரியிலே சீதனக் காணியோடிருந்த 19 வயது மனைவி, தன் தாய் தந்த காணியை ஈடுவைக்கவும் கடல் கடந்த கைச்சாத்தை எதிர்பார்த்திருந்தாள். கணவன் இருக்குமிடமே தெரியாதவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டவிடத்தும் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழி அச்சட்டத்திலே இருந்தது. ஆனால் கணவன் காணாமற்போனான் என்று பகிரங்கமாக நீதிமன்றத்திலே சொல்ல எத்தனை பெண்கள் முன்வந்திருப்பர்?

தத்துவத்தின் இயல்பிலேயே மற்றொரு குறை உண்டு. அதன் உயிர் கொடுத்தவரின் உயிரோடு முடியும். மகன் இறந்த கணமே தந்தையின் கையிலுள்ள தத்துவம் வெறுந்தாளாகும். அதன் பின்னர் வேண்டியது மரணசாதனமோ, அஃதில்லையாயின் வழியுரிமைப்படி நீதிமன்றத்திலே நடத்தும் நிருவாகமோ ஆகும். எனவே கடல் கடக்கும் இளைஞனுக்கு இரு தாள்கள் வேண்டும்: வாழும் நாளுக்கு ஒன்று, வாழா நாளுக்கு ஒன்று. முதலாவதைப் பெற்றோர் கேட்டு வாங்கினர். இரண்டாவதைக் கேட்டவர் அரியர். 22 வயது மைந்தன் கப்பலேறும் வேளையில், நீ இறந்தால் உன் பொருள் எவருக்கு என்று கேட்க எந்தத் தாய்க்கு நா எழும்? அது அமங்கலம். அவ்வமங்கலத்தை அஞ்சியதால் வந்த இடர் 1942 ஆம் ஆண்டிலே தெரிந்தது.

அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து காசுக்கட்டளை நின்றது, கடிதமும் நின்றது. 1945 செப்ரெம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரிலே யப்பானியர் முறைப்படி சரணடையும்வரை மூன்றரை ஆண்டுகள், குடாநாட்டின் ஆயிரக்கணக்கான வீடுகளிலே மகன் உளனோ இலனோ என்பது தெரியாதிருந்தது. பெட்டியிலே தத்துவம் கிடந்தது. மகன் உயிரோடிருந்தால் அது செல்லும், இறந்திருந்தாற் செல்லாது. காசுக்கட்டளை நின்ற வீட்டிலே கடன் ஏறிற்று. கடனைத் தீர்க்க மகனின் காணியை விற்க நேர்ந்தது. வாங்குபவர் கேட்ட முதற் கேள்வி, உங்கள் மகன் இருக்கிறாரா என்பதே. இருக்கிறார் என்று சொல்லத் தந்தைக்குச் சான்று இல்லை. இல்லை என்று சொல்ல வாயும் இல்லை.

ஏழாண்டு காலம் ஒருவரைப்பற்றி அறியவேண்டியவர் ஒன்றும் அறியாதிருந்தால், அவர் உயிரோடுள்ளார் என்று கூறுபவரே அதனை நிறுவவேண்டும் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் அப்போதிருந்த விதி. மூன்றரை ஆண்டுக்கு அவ்விதியும் உதவவில்லை. போர் முடிந்த பின்னர் பலரிடமிருந்து கடிதம் வந்தது. சிலர் தாமே வந்து சேர்ந்தனர். வராதவர்களின் காணிகளை இடைக்காலத்திலே தத்துவத்தின்பேரில் வாங்கியவருக்கு உரிமை எவ்வளவு என்பது, அவர் மரணத்தை அறியாது நல்லெண்ணத்தோடு வாங்கினாரா என்பதையும் பிறவற்றையும் பற்றி வழக்காடித் தீர்க்கவேண்டிய பொருளாயிற்று.

இறப்பு மட்டுமன்று, அறிவு தடுமாறுதலும் தத்துவத்தை வலுவிழக்கச் செய்யும் என்பது பழைய கோட்பாடு. கொடுத்தவர் தாமே செய்ய இயலாததை அவர் பேரால் முகவர் செய்தல் இயலாது என்பது அதன் நியாயம். நியாயம் சரியே, பயன் விபரீதமானது. நோயால் நினைவிழந்து கிடக்கும் மகனுக்காகத் தந்தை செயற்படவேண்டிய நாளிலேயே தந்தையின் தாள் பயனற்றுப்போகின்றது. இலங்கையிலே, மனநலம் குன்றியவரின் ஆதனத்துக்கு மேற்பார்வையாளரை மாவட்ட நீதிமன்றம் நியமிக்கும் முறையைக் குடியியல் நடவடிக்கைக் கோவை வகுத்திருந்தது. இங்கிலாந்திலே 1985 ஆம் ஆண்டின் சட்டம், கொடுத்தவர் அறிவு தடுமாறிய பின்னரும் நிலைக்கும் தத்துவத்துக்கு இடமளித்தது. 2005 ஆம் ஆண்டின் சட்டம் அதனை விரித்து, ஆதனத்தைப் பற்றி மட்டுமன்றி மருத்துவத்தைப் பற்றியும் பிறரை நியமிக்க வழிசெய்தது. தமிழ்க் குடும்பங்கள் பல இன்று வாழும் நாடு அதுவாதலின் இச்செய்தி ஈண்டுக் கூறப்பட்டது.

1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிலே பராயமடையும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. வாக்களிக்கும் வயதோடு அஃது ஒத்துவந்தது எனப் பலரும் ஏற்றனர். குடும்ப ஆதனத்திலே அதன் விளைவை எண்ணியவர் சிலரே. முன்னர் பாடசாலையை விட்டு, சிறிது உழைத்து, ஓரளவு உலகறிந்த பின்னரே மகன் சட்டத்தின் முன் தனியாளாயினான். இப்போது உயர்தரப் பரீட்சை எழுதும் மேசையிலேயே தனியாளாகின்றான். பேரன் பேரிலே பாட்டி எழுதிய பனங்காணியை அவன் 18 வயதுவரை நீதிமன்றம் காத்தது. மறுநாள் முதல் அவனே காக்கவேண்டும், அல்லது அவனே விற்கலாம். சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு நன்கொடை எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிடாத முதியோர் இவ்விடத்திலே அறிவுடையோராகத் தோன்றுகின்றனர்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இளைஞர் சென்ற திசைகள் மலாயாவைவிடத் தொலைவானவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் சிதறினர். 1981 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டிலுள்ள இலங்கைத் தூதரகங்களின் அலுவலர் முன்னிலையிலே ஆவணங்கள் அத்தாட்சி செய்யப்படலாயின. தாள் கப்பலிலே வருவதில்லை; விமானத்திலே வருகின்றது. ஆனால் அதிலுள்ள சொற்களை நீதிமன்றம் பொருள்கொள்ளும் இறுக்கம் மாறவில்லை. நான்கு பிள்ளைகளுக்கும் பொதுவாய் வந்த ஒரு வளவை விற்பதற்கு நான்கு நாடுகளிலிருந்து நான்கு தத்துவங்கள் வேண்டும். மூன்று வந்து ஒன்று வாராதிருந்தால், வளவின் வேலியை அயலவர் ஆண்டுதோறும் ஒரு முழமாக நகர்த்தக் காத்திருப்பர்.

அவ்வளவிலே தனியே இருக்கும் தாய்க்கு, நான்காவது மகன் 19 வயதிலே புறப்பட்டபோது இட்டுச்சென்ற கைச்சாத்து ஒன்று பெட்டியிலே உண்டு. அது வளவின் தேங்காயையும் பனையையும் குத்தகைக்குக் கொடுக்க மட்டும் எழுதப்பட்டது.